நெல்லைச் சீமையில் கைத்தொழில்காரர்களைப் படமெடுக்கப் போகிறவர்களுக்கு: நாள், அனுமதி, வெளிச்சம், செலவு

மண்பாண்டம் செய்கிற காருகுறிச்சிக்கு நான் முதல் தடவை கேமராவோடு போனது ஒரு ஐப்பசிக் கடைசியில். அந்த வாரம் முழுக்க மழை. திண்ணையில் காயாத சட்டிகள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன, சக்கரத்தின் மேல் சாக்கு. "மழை வெறிக்கட்டும், பொறவு வாங்க" என்றார்கள். இரண்டாம் தடவை போனால், சூளையை முந்தின ராத்திரியே போட்டுப் பிரித்திருந்தார்கள். மூன்றாம் தடவை வேலை மும்முரமாக நடந்தது. ஆனால் நான் போய்ச் சேர்ந்தது பதினோரு மணிக்கு. வெளியே கண் கூசும் வெயில், கொட்டகைக்குள் கும்மிருட்டு. எடுத்த நூற்றைம்பது படத்திலும் வாசல் வெள்ளைத் துண்டாகவும் மனிதர் கரிக்கோடாகவும் வந்திருந்தார்கள்.

கிளம்பும்போது அங்கிருந்த ஆச்சி ஒரு கேள்வி கேட்டார்கள். "வாரவுகல்லாம் எடுத்துட்டுப் போறீய. எடுத்த படத்த ஒருத்தராச்சும் கொண்டாந்து காமிச்சிருக்கீயளா?"

அதற்குப் பிறகுதான் இந்த வேலையை முறையாகச் செய்யப் பழகினேன். மூன்று பயணத்தின் நேரமும் காசும் போய் நான் கற்றுக்கொண்டதை நீங்கள் முதல் பயணத்துக்கு முன்பே தெரிந்துகொள்ளலாம். கேமராவை இயக்கத் தெரியும், ஆனால் பட்டறைக்குள் போய்ப் பழக்கமில்லை என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஃப்ளாஷ் இல்லாமல், இருக்கிற வெளிச்சத்தில் எடுப்பதற்கான வழி இது.

1. தொழிலின் நாளைக் கேட்டுவிட்டு உங்கள் நாளைக் குறியுங்கள்

நெல்லையிலிருந்து சேரன்மகாதேவி வழியாக பாபநாசம் போகிற ஒரே சாலையில் பெரும்பாலான தொழில்கள் இருக்கின்றன. பத்தமடையில் கோரைப் பாய், காருகுறிச்சியில் மண்பாண்டம், வீரவநல்லூரில் கைத்தறி, அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு, வாகைகுளம் பக்கம் விளக்கு வார்ப்பு. செங்கோட்டை போகும் பாசஞ்சர் ரயில் சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், அம்பாசமுத்திரம் எல்லாவற்றிலும் நிற்கும். அதனால் "ஒரே நாளில் ஐந்தையும் பார்த்துவிடலாம்" என்று தோன்றும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஒரு பட்டறை போதும்.

மண்பாண்டத்துக்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான் பெரிய தடை. மண் காயாது, சூளை போட முடியாது. அதே சமயம் திருக்கார்த்திகை அகல் விளக்குக்கும் பொங்கல் பானைக்கும் வேலை குவிகிற காலமும் அதுதான். மழை விட்டு நாலு நாள் வெயில் அடித்தால் ராப்பகலாக வேலை நடக்கும். மார்கழி நடுவிலிருந்து பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு வரை என் அனுபவத்தில் மிக நல்ல நாட்கள். சூளை போடும் நாளை முன்கூட்டியே யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. முந்தின சாயங்காலம் போன் போட்டுக் கேளுங்கள்.

பாய்க்கு வேலை ஓரிடத்தில் நடப்பதில்லை. தாமிரபரணிக் கரையில் கோரை அறுப்பது, கீறுவது, காயவைப்பது, ஊறவைப்பது, சாயம் போடுவது எல்லாம் தனித்தனி நாள், தனித்தனி ஆள். நெய்வதை மட்டும் எடுத்துவிட்டு வந்தால் பாதிக் கதைதான் கையில் இருக்கும்.

தறியில், பாவு (நீளவாக்கில் ஏற்றுகிற நூல்) நீட்டிப் போடுகிற வேலை தெருவில் விடிகாலையில் நடக்கும். வெயில் ஏறினால் சுருட்டிவிடுவார்கள். ஒன்பது மணிக்குப் போகிறவருக்கு அப்படி ஒரு வேலை நடந்ததே தெரியாது.

கிழக்கே உடன்குடி, தேரிக்காட்டுப் பக்கம் போய்ப் பனையேறியையும் விடிலியில் (காய்ச்சுகிற குடிசையில்) கருப்பட்டி காய்ச்சுவதையும் எடுக்க நினைத்தால், பதநீர் இறங்குகிற காலத்துக்குக் காத்திருக்க வேண்டும். மாசியிலிருந்து ஆனி வரை தைரியமாகப் போகலாம். மரம் ஏறுவது விடியும் முன்பே தொடங்கிவிடும்.

அமாவாசையன்று பல பட்டறைகள் ஓடாது. ஆயுத பூஜையன்று ஆயுதங்கள் படையலில் இருக்கும், வேலையில் இருக்காது. பத்தமடையில் தொழுகை நேரமான வெள்ளிக்கிழமை மதியத்தையும் ரமலான் நோன்பு மாதத்தையும் தவிர்த்துவிடுங்கள். இதையெல்லாம் காலண்டரில் முதலிலேயே வட்டம் போட்டு வைத்துக்கொண்டால் வீண் பயணம் பாதியாகக் குறையும்.

2. முதல் பயணத்தில் கேமராவை வெளியே எடுக்காதீர்கள்

வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனால் இன்னும் நல்லது. போய் உட்காருங்கள். வயதில் மூத்தவரை அண்ணாச்சி, ஆச்சி, பெரியம்மா என்று கூப்பிடுங்கள். "சார், மேடம்" என்று ஆரம்பித்தால் கணக்கெடுக்க வந்த ஆள் என்று நினைப்பார்கள். ஏதாவது ஒரு பொருளைப் பேரம் பேசாமல் வாங்குங்கள். எத்தனை மணிக்கு வேலை தொடங்கும், எப்போது சாப்பாடு, எந்தக் கட்டத்தில் கை ஓயக் கூடாது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. திசைகாட்டிச் செயலியைத் திறந்து, வாசல் எந்தத் திசை, ஜன்னல் எந்தத் திசை என்று ஒரு தாளில் கோட்டுப்படம் போடுங்கள். கூரையில் கண்ணாடி ஓடு பதித்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த ஒரு ஓட்டின் வழியாக விழுகிற வெயில் துண்டு தரையில் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். அது சக்கரத்தின் மேல் அல்லது தறிக்காரர் மடியில் எத்தனை மணிக்கு விழுகிறது என்று குறித்துக்கொண்டால், அடுத்த வாரம் கிட்டத்தட்ட அதே நேரத்தில் உங்களுக்கு ஒரு விளக்கு தயாராக இருக்கும்.

பாய் நெசவு பெரும்பாலும் வீட்டுக்குள் பெண்கள் செய்கிற வேலை. ஆண்கள் தனியாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டாம். தெரிந்த ஒருவரை முன்னிட்டு, முடிந்தால் வீட்டுப் பெண் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். முகம் வேண்டாம், கை மட்டும் எடுங்கள் என்று சொன்னால் அதோடு நிறுத்துங்கள். நான் எடுத்ததில் எனக்கு மிகவும் பிடித்த மூன்று படங்களில் முகமே இல்லை.

3. அனுமதித் தாள்

நான் செய்த பெரிய தவறு இதில்தான். முறையாக இருக்கட்டும் என்று இருபது ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் அச்சடித்து எடுத்துப் போனேன். அதைப் பார்த்ததும் வீட்டுப் பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நம் ஊரில் பத்திரத் தாள் என்றால் நிலம், கடன், வழக்கு. கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்த கதை எல்லாத் தெருவிலும் உண்டு. அந்த வீட்டில் மறுபடி நம்பிக்கை வர இரண்டு மாதம் ஆனது.

வெள்ளைத் தாள் போதும். தமிழில், பெரிய எழுத்தில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். இவ்வளவு இருந்தால் சரி: உங்கள் பெயர், முகவரி, போன் நம்பர். அவர் பெயர், ஊர், தேதி. படம் எங்கெல்லாம் வரும் என்பது (கண்காட்சி, இணையம், பத்திரிகை, விற்பனை என்று தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சம்மதம் அல்லது வேண்டாம் என்று குறிக்க இடம்). முகம் தெரியலாமா, பெயர் போடலாமா. படம் விலைபோனால் அவருக்கு என்ன பங்கு. கடைசியில், மனம் மாறினால் எந்த நம்பருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி. இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று அவர் வீட்டில் இருக்கட்டும்.

வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்காதீர்கள். கைநாட்டு வைக்கத் தயங்குகிறவர்களிடம் கட்டாயப்படுத்த வேண்டாம். நீங்கள் தாளை வாசிக்க, அவர் தன் வாயால் சம்மதம் சொல்வதை போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அவர்களுடைய ஆதார் நகலைக் கேட்காதீர்கள், தேவையே இல்லை. உங்கள் அடையாள அட்டை நகலை நீங்கள் கொடுங்கள். அப்படிக் கொடுத்த நாளிலிருந்து எனக்கு வேலை எளிதானது.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பள்ளி விட்டு வந்த பிள்ளை அப்பா பக்கத்தில் உட்கார்ந்து களிமண்ணைத் தொட்டுப் பார்ப்பது நமக்கு அழகான காட்சி. அதே படம் விளக்கமில்லாமல் எங்கோ சுற்றும்போது குழந்தைத் தொழிலாளர் என்று ஆகிவிடும், தொல்லை அந்தக் குடும்பத்துக்குப் போகும். பெற்றவர் சம்மதித்தாலும் வேலைக் கருவி பிள்ளை கையில் இருக்கிற படத்தை நான் வெளியிடுவதில்லை.

பட்டறை கூட்டுறவு சங்கத்துடையது என்றால் அங்கே வேலை செய்பவரின் சம்மதம் மட்டும் போதாது. சங்கச் செயலாளருக்கு மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். எனக்கு ஒரு இடத்தில் பதில் வரப் பன்னிரண்டு நாள் ஆனது. அதற்கும் சேர்த்து நாள் கணக்குப் போடுங்கள்.

இன்னொரு கண்ணி. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாகப் போய் எடுத்த படத்துக்கு முதல் உரிமையாளர் நீங்கள். ஆனால் ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொல்லி எடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் உரிமை காசு கொடுத்தவருக்குப் போய்விடும் (17-ஆம் பிரிவு). ஒரு கடைக்காக எடுத்த விளக்குப் படங்களில் நான் இதைக் கவனிக்கவில்லை. வார்ப்புக்காரர் தன் வீட்டில் மாட்ட ஒரு பெரிய பிரதி கேட்டபோது, கடைக்காரரிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. ஒப்புக்கொள்ளும் முன்பே, தொழில்காரருக்குப் பிரதி கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

4. வடக்கு ஜன்னலைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள்

ஒளிப்படம் கற்றுத் தருகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது: வடக்குப் பார்த்த ஜன்னலில் நேர் வெயில் வராது, நாள் முழுக்க மென்மையான வெளிச்சம் கிடைக்கும். வடக்கே இருக்கிற குளிர் நாடுகளுக்கு அது சரி. நெல்லை இருப்பது வடக்கு அட்சரேகை 8.7 பாகையை ஒட்டி. சித்திரை பிறக்கிற சமயத்தில், ஏப்ரல் 12-ஐ ஒட்டி, உச்சி வேளைச் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்துவிடும். அதற்குப் பிறகு வடக்கே சாய்ந்து, ஆகஸ்ட் 30 வாக்கில் திரும்ப உச்சிக்கு வந்து, தெற்கே போகும். ஜூன் 21-ல் உச்சியிலிருந்து கிட்டத்தட்ட 15 பாகை வடக்கே நிற்கும். அதாவது சித்திரையிலிருந்து ஆவணி நடு வரை நம் வடக்கு ஜன்னலில்தான் வெயில், தெற்கு ஜன்னலில் நிழல். வைகாசியில் வடக்கு ஜன்னலை நம்பிப் போய், தறிக்காரர் முகத்தில் கம்பி நிழல் கோடு கோடாக விழுந்து ஒரு நாளைத் தொலைத்தேன். ஐப்பசியிலிருந்து மாசி வரை வடக்கு ஜன்னல், சித்திரைக்குப் பின் தெற்கு ஜன்னல் என்று நினைவில் வையுங்கள்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே சூரியன் உதிப்பது ஆண்டு முழுக்க ஏறக்குறைய 6 மணிக்கும் 6.40-க்கும் நடுவில். உதித்த பிறகு செங்குத்தாக ஏறும். அதனால் அந்தப் பொன்னிற வெளிச்சம் முக்கால் மணி நேரம்தான். உச்சி வேளை சரியாக 12 மணிக்கு அல்ல, சராசரியாக 12.20-க்கு. திறந்த முற்றத்தில் 10.30 முதல் 2.30 வரை முகத்தில் கண்குழி நிழல் விழும். அந்த நேரத்தில் உள்ளே போய்விடுங்கள்.

அம்பாசமுத்திரம் தாண்டி விக்கிரமசிங்கபுரம், பாபநாசம், செங்கோட்டைப் பக்கம் போனால் மாலைக் கணக்கு மாறும். மேற்கே பொதிகை மலை. செயலி சொல்கிற அஸ்தமன நேரத்துக்கு வெகு முன்பே வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிடும். அங்கெல்லாம் காலையை நம்புங்கள். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல் அடிக்கும் நாட்களில் வானமே ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி ஆகிவிடும். அந்த மேகமூட்டத்தில் முற்றத்தில் உட்கார்ந்து செய்கிற வேலைகளை நாள் முழுக்க எடுக்கலாம்.

இருட்டுக் கொட்டகைக்கு எளிய வழி: தொழில்காரரை நகர்த்தாதீர்கள், நீங்கள் நகருங்கள். வாசலுக்கு எதிரே நின்று உள்ளிருந்து வெளியே பார்த்து எடுத்தால் என் முதல் படங்கள் மாதிரித்தான் வரும். வாசலை உங்கள் இடப்பக்கமோ வலப்பக்கமோ வைத்துக்கொண்டு, வெளிச்சம் அவர் முகத்தில் பக்கவாட்டில் விழும்படி உட்காருங்கள். மறுபக்க நிழல் மிகவும் கறுத்தால் ஒரு வெள்ளை நாலு முழ வேட்டியை நாற்காலியில் விரித்துப் போடுங்கள், வெளிச்சம் திரும்பி வந்து நிழலைத் தூக்கும். நேர் வெயில் விழுகிற ஜன்னலில் அதே வேட்டியைக் கட்டினால் வெயில் மெத்தென்று ஆகிவிடும்.

பட்டறையில் பெரிய எதிரி நீலத் தார்ப்பாய். அதன் கீழே எடுத்தால் தோல், மண், மரம் எல்லாமே நீலம் பாய்ந்து வரும், பிறகு திருத்தினாலும் சரியாகாது. ஓரத்தைக் கொஞ்சம் மடக்கலாமா என்று கேளுங்கள். முடியாது என்றால் தார்ப்பாய்க்கு வெளியே வருகிற வேலையை எடுங்கள். எல்இடி விளக்கு எரிந்தால் படத்தில் பட்டை பட்டையாக விழலாம், ஷட்டரை 1/50 அல்லது 1/100-ல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த வேகங்களில் பட்டை அடங்கும்.

கடைசியாக, மனதார ஒரு வேண்டுகோள். இருண்ட அறையையும் கறுத்த தோலையும் பார்த்ததும் கேமரா தானாகவே எல்லாவற்றையும் வெளுக்க வைக்கும். போனில் எடுத்தால் அழகூட்டும் வசதி முகச் சுருக்கத்தையும் அழித்துவிடும். அதை அணைத்துவிடுங்கள். வெளிச்ச அளவை ஒரு படி (ஒரு ஸ்டாப்) குறைத்து, முகத்தில் விழுகிற வெளிச்சத்துக்கு அளவெடுங்கள். நாற்பது வருஷம் உலைக்கு முன்னால் உட்கார்ந்த முகத்தை அந்த நிறத்தோடுதான் அவர் பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டும்.

5. வேலைக்கு ஏற்ற ஷட்டர்

சக்கரம் சுற்றுவது தெரிய வேண்டும், கை அசையாமல் நிற்க வேண்டும் என்றால் 1/30. கேமராவை முழங்காலில் ஊன்றிக்கொள்ளுங்கள். தறியில் நாடா (ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற கட்டை) பாய்வது தெரியவும் அதே 1/30தான், கை உறைந்து நிற்க மட்டும் 1/250 வேண்டும். மரச் சொப்பு கடைகிற கடைசல் பட்டறையில் மரச் சீவல் பறப்பதைப் பிடிக்க 1/500-க்கு மேல் வைத்து, வாசல் வெளிச்சம் சீவலுக்குப் பின்னால் இருக்கும்படி நில்லுங்கள். சுற்றுகிற மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தும்போது நிறம் உருகி ஏறுவதை 1/60-ல் எடுத்தால் அந்தப் பளபளப்பு தெரியும். கோரை நெசவில் வேகம் தேவையில்லை, அருகே போவதுதான் தேவை.

வார்ப்பில் உருக்கிய உலோகம் ஊற்றுகிற சில நொடிகளுக்குத் தனிக் கணக்கு. பித்தளை ஏறக்குறைய 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில்தான் உருகும், அந்தப் பிரகாசத்துக்கு முன் மற்றதெல்லாம் இருட்டு. இரண்டு படி குறைத்து முன்கூட்டியே அமைத்து வைத்துவிட்டு, அவர்கள் சொல்கிற இடத்தில், சொல்கிற தூரத்தில் நில்லுங்கள். ஊற்றும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், வழியில் பையை வைக்காதீர்கள். செருப்பு வேண்டாம், மூடிய ஷூ போடுங்கள்.

ஐஎஸ்ஓ 1600, 3200 என்று ஏற்றப் பயப்பட வேண்டாம். புள்ளி விழுந்த படம் பரவாயில்லை, ஆடிய படம் உதவாது. ரா (RAW) கோப்பாக எடுங்கள். கடைசல் பட்டறையிலும் மண் கொட்டகையிலும் லென்ஸ் மாற்றாதீர்கள்.

பனையேறியை இன்னொரு தடவை ஏறச் சொல்லிக் கேட்காதீர்கள். படம் விட்டுப் போனால் மறுநாள் விடிகாலை திரும்பப் போங்கள்.

6. எவ்வளவு செலவாகும்

நெல்லையிலிருந்து போய்வருகிற ஒரு நாளுக்கு எனக்கு ஆகிற கணக்கு இது. பேருந்து, டீ, சாப்பாடு முந்நூறு ரூபாய்க்குள். கூட எடுத்துப் போகிற பலகாரம் நூற்றைம்பது. பட்டறையில் வாங்குகிற பொருள் இருநூறிலிருந்து ஐந்நூறு. அனுமதித் தாள் நகல், சில்லறைச் செலவு முப்பது. அவர்களுக்குக் கொடுக்கிற படப் பிரதிகளுக்கு இருநூறை ஒட்டி. கேமரா உங்களிடம் இருக்கிறது என்றால், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்று போதும். பழையது நல்ல நிலையில் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிச்சத்தைத் திருப்ப வேட்டி இருக்கிறது.

தொழில்காரருக்குக் காசு கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்க வேண்டும் என்பது என் முடிவு. கையில் திணிக்கிற இனாமாக அல்ல. "இன்னைக்கு என்னால எத்தனை உருப்படி குறைஞ்சுது அண்ணாச்சி?" என்று நேராகக் கேளுங்கள். குறைந்த உருப்படிக்கு அவர் விற்கிற விலையைக் கொடுங்கள். ஒரு நாளில் பத்துப் பானை குறைந்தால் பத்துப் பானையின் விலை. இது கூலிப் பேச்சாகவும் இருக்காது, தானமாகவும் இருக்காது. நான் கேட்ட இடங்களில் பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். அவர்களுக்கு அந்தப் பணத்தில் விற்பனைக்கு உதவுகிற பொருள் படங்கள் எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோதாகக் கொடுத்தேன்.

7. படத்துக்குக் கீழே எழுதுவது

அன்றைக்கு ராத்திரியே எழுதிவிடுங்கள். பெயர் போடச் சம்மதித்தவர் பெயர், ஊர், எந்தக் கட்டத்து வேலை, தேதி. "கிராமத்துக் குயவர்" என்று பொதுவாக எழுதாதீர்கள், அவருக்குப் பெயர் இருக்கிறது. பொருளின் பெயரிலும் கவனம் வேண்டும். பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு உண்டு, வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 2023-ல் கிடைத்தது. பக்கத்தில் இருக்கிற மிஷின் பாயையோ வேறு ஊர்ச் சேலையையோ அந்தப் பெயரில் போட்டால், கையால் செய்கிறவர் பிழைப்பில் நீங்கள் கைவைத்த மாதிரி ஆகும்.

8. பிரதியோடு திரும்பிப் போவது

பதினைந்து நாளுக்குள் போங்கள். போனில் அனுப்பினால் போதாது, மூத்தவர்கள் பலரிடம் அந்த மாதிரி போன் இல்லை. அஞ்சலட்டை அளவில் ஆறு, சுவரில் மாட்டுகிற அளவில் ஒன்று. ஈரக் கையோடு வாங்குவார்கள் என்பதால் பெரியதை மட்டும் லேமினேட் செய்துவிடுங்கள். எது பிடிக்கவில்லை என்று கேட்டு, அதை அவர் கண்முன்னே அழியுங்கள்.

காருகுறிச்சி ஆச்சிக்கு நான் நாலாம் தடவை போனபோது கொண்டுபோனது சூளைப் படம் அல்ல, பானை தட்டுகிற தட்டுப்பலகையைப் பிடித்திருக்கிற அவர்கள் கை. கண்ணுக்குக் கிட்டே வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுல வளையல் தெரியுது பாரு, இத அடகு வச்சாச்சு" என்றார்கள். பிறகு உள்ளே போய் மஞ்சள் பையில், ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்தார்கள். அடுத்த சூளை எப்போது என்று போன் போட்டுச் சொன்னதும் அவர்கள் வீட்டிலிருந்துதான்.